அடைப்பை நீக்கினால் போதுமா? தோல் தொழிலாளரின் இதயமும் ஓய்வுரிமையும்

இந்தியாவின் முன்னோடித் திறந்த இதய அறுவை சிகிச்சைகள் 1961இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தன. அதே பாலாற்றுப் படுகையில்தான் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளும் உள்ளன. அவற்றின் கடினமான ஈரத்தோல் வேலைகள் தலைமுறைகளாகத் தலித்துகளின் தோளிலேயே சுமத்தப்பட்டுள்ளன. அத்தொழிலாளிக்கு மாரடைப்பு வந்தால், ஸ்டென்ட் பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவக்கூடும். அதன் பின்?

ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. நோயோ ரத்தக்குழாய் முழுவதின் உட்படலத்தையும் பாதிக்கிறது. முறையான உடற்பயிற்சியால் ரத்த ஓட்டம் வேகமெடுக்கும்போது, அப்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரியச் செய்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் மருத்துவர்கள், நான்கு வாரப் பயிற்சியிலேயே இம்முன்னேற்றத்தை 2000இல் பதிவு செய்தனர். நிலையான இதயநோயுள்ள 101 ஆண்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் புதிய பாதிப்பு ஏதுமின்றி இருந்தோர் பயிற்சிக் குழுவில் 88 விழுக்காடு. ஸ்டென்ட் குழுவில் 70 விழுக்காடு. மாரடைப்பின்போது தேவைப்படும் அவசர சிகிச்சைக்கு இது மாற்றன்று. அதற்குப் பிந்தைய வாழ்வுக்கான பாடம்.

“நாள் முழுதும் உழைப்பவருக்குத் தனியே பயிற்சி எதற்கு?” என்ற கேள்வி எழும். சுமை தூக்குவதும் மணிக்கணக்கில் நிற்பதும் ஓய்வின்றி ரத்த அழுத்தத்தை உயர்த்துபவை. கோபன்ஹேகனில் 1,04,046 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. ஓய்வுநேர உடலியக்கம் மிகுந்தோரிடம் இதயநோய் ஆபத்து குறைந்தும், வேலையில் உடலுழைப்பு மிகுந்தோரிடம் கூடியும் இருந்ததை அது காட்டியது. ஆகவே பயிற்சி என்பது நேரம், ஓய்வு, கூலி ஆகியவற்றின் கேள்வி. நம் சமூகத்தில் சாதியின் கேள்வியும்கூட.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவானவருக்கு, நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியம் உண்டு. ஆம்பூரில் வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் ஷூ மேற்பகுதி தைக்கும் பெண்களுக்கு அதுவும் இல்லை. 2023இல் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டமோ மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைத்தான் தந்தது.

வழி இல்லாமல் இல்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிவரும் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே உள்ளனர். மாரடைப்புக்குப் பிந்தைய பயிற்சியை அவர்கள் பணியில் சேர்க்க வேண்டும். பயிற்சி நாளுக்குக் கூலி வேண்டும். வீட்டுத் தொழிலாளரும் காப்பீட்டுக்குள் வர வேண்டும். உழைப்பைப் பெறும் தொழில், அந்த உழைப்பால் தேயும் இதயத்துக்கும் பொறுப்பேற்றாக வேண்டும்.