ஒரே மண்டிச் சரக்கு

சகோதரர்களே! வெளிநாட்டில் எங்கோ குண்டு வெடிக்கிறது. அன்று இரவுச் செய்தி நேரத்தில் நான்கு சேனல்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். அதே தெரு, அதே ஆம்புலன்ஸ், அதே அழும் தாய். மூலையில் இருக்கும் முத்திரை மட்டும்தான் வேறு. நான்கு சேனல்களும் ஆளுக்கொரு கேமராமேனை அனுப்பி எடுத்த படம் என்றா நினைக்கிறீர்கள்?

நம் வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைகள் நூறு, மண்டிகள் மூன்று. ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. ஆகியவைதான் உலகச் செய்திப் படங்களின் மொத்த வியாபாரிகள். இந்தியாவில் ஏ.என்.ஐ. இருக்கிறது, 2023இல் பி.டி.ஐ.யும் வீடியோ வழங்கத் தொடங்கியது. சந்தா கட்டிய சேனல்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஊருக்கு ஊர் ஆள் வைக்க எந்தச் சேனலுக்கும் கட்டுப்படியாகாது என்பதால் இதைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் சரக்கோடு ஒரு சீட்டும் வருகிறதே, அதைக் கவனிக்க வேண்டும். எந்தக் காட்சியில் என்ன இருக்கிறது, பேசுபவர் யார், என்ன சொன்னார் என்பதையெல்லாம் ஏஜென்சியே எழுதி அனுப்பிவிடுகிறது. ஒருவர் இருபது நிமிடம் பேசியிருப்பார். சேனலில் வருவது பதினைந்து விநாடி. அவர் பேசியது அரபி. சீட்டில் இருப்பது ஆங்கிலம். நம் காதில் விழுவது அந்த ஆங்கிலத்தின் தமிழ்! அரபி தெரிந்த ஒருவர்கூட இல்லாத செய்தி அறையில் இதை யார் சரிபார்ப்பது?

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாதின் ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் சதாமின் சிலை சாய்க்கப்பட்டது. நெருக்கத்தில் எடுத்த படத்தில் பெரும் மக்கள் கூட்டம். தூரத்திலிருந்து எடுத்த படங்களிலோ சதுக்கத்தின் பெரும்பகுதி காலி. சிலையை இழுத்துத் தள்ளியது அமெரிக்க ராணுவ வண்டி. சேனல்கள் திரும்பத் திரும்பக் காட்டியது எதை என்று சொல்லவும் வேண்டுமா? அந்தச் சதுக்கத்தை ஒட்டித்தான் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கிய பாலஸ்தீன் ஹோட்டல் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க டாங்கி அந்த ஹோட்டலைச் சுட்டதில் ராய்ட்டர்ஸ் கேமராமேன் தாராஸ் புரோட்சியுக்கும் ஸ்பெயின் நாட்டுக் கேமராமேன் ஹோசே கோசோவும் உயிரிழந்தார்கள். களத்தில் நிற்பவன் உயிரைக் கொடுக்கிறான். வெட்டுவதும் ஒட்டுவதும் வேறு யாரோ. இதையும் நாம் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

மண்டியில் கலப்படம் நடந்தால் எல்லாக் கடையிலும் கலப்படம்தான். 2023 ஜூலையில் மணிப்பூரில் இரு பெண்கள் கூட்டத்தால் மானபங்கப்படுத்தப்பட்ட வீடியோ வெளியாகி நாடே கொதித்தது. அந்த வழக்கில் கைது என்று சொல்லி ஏ.என்.ஐ. ஒரு முஸ்லிமின் பெயரை வெளியிட்டது. அவர் கைதானதோ வேறொரு வழக்கில்! போலீசாரின் பதிவைத் தவறாகப் படித்துவிட்டோம் என்று மறுநாள் வருத்தம் தெரிவித்தார்கள். அதற்குள் அந்தப் பெயர் எத்தனை கைபேசிகளுக்குப் போயிருக்கும்? வருத்தம் அத்தனை கைபேசிகளுக்கும் போனதா?

இளைஞர்களே! டி.வி.யைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பதில் என்ன பலன்? கேமராவும் எடிட்டிங்கும் கற்றுக்கொள்ளுங்கள். ஏஜென்சிகளுக்கு மாவட்டந்தோறும் பகுதிநேரச் செய்தியாளர்கள் தேவைப்படுகிறார்கள். அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் ஏன் போகக்கூடாது? கடைவீதியில் உங்கள் முன் மைக்கை நீட்டினால் சொல்ல வேண்டியதை முதல் பதினைந்து விநாடிக்குள் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் உங்கள் கைபேசியைக் கொடுத்து, பேட்டி முழுவதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.