கல்வி ஒப்பந்தங்களும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும்

இரண்டு நாடுகள் கல்வித் துறையில் கைகோத்துக் கொள்வதைத் தொழிலாளி வர்க்கம் ஒருபோதும் எதிர்த்ததில்லை. ஒரு நாட்டு உழைப்பாளி கண்டறிந்த தொழில் நுணுக்கம் மறு நாட்டு உழைப்பாளிக்குப் பயன்படுவது நியாயமே. ஆனால், எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தும் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டே தீருவோம்: படிக்க யார் வீட்டுப் பிள்ளை உள்ளே போகிறது? படித்து முடித்து வெளியே வரும்போது அதன் கையில் என்ன இருக்கிறது?

பழைய அனுபவத்தை முதலில் பார்ப்போம். 1958-ம் ஆண்டில் சோவியத் யூனியனின் உதவியோடு, யுனெஸ்கோ மூலமாக, பம்பாய் ஐ.ஐ.டி. உருவாயிற்று. மறு ஆண்டே சென்னை கிண்டியில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு மற்றொரு ஐ.ஐ.டி. எழுந்தது. பான் நகரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி பேராசிரியர்கள் மட்டுமல்ல, பட்டறை போர்மன்களும் வந்தார்கள், யந்திரங்கள் வந்தன, நம் ஆசிரியர்கள் ஜெர்மனி சென்று பயின்றார்கள். சோஷலிஸ்ட் முகாம் கை கொடுக்க முன்வந்ததால்தான் முதலாளித்துவ நாடுகளும் போட்டி போட்டுக் கொண்டு உதவ வந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. அன்று வந்த யந்திரங்கள் எந்தக் கம்பெனியின் உடைமையும் அல்ல. அவை நாட்டின் சொத்தாயின.

ஆயினும் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி.களில் இடஒதுக்கீடு வந்ததே 1973-ல்தான். பிற்பட்டோர் 2008 வரை காத்திருந்தார்கள். ஐ.ஐ.டி.யில் சேருவதற்கான இறுதி நுழைவுத் தேர்வு இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. தமிழில் படித்த ஆலைத் தொழிலாளியின் மகள், தமிழ் மண்ணில் உள்ள கல்லூரிக்குத் தமிழில் தேர்வெழுத முடியாது!

இனி, நம் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்துக்கு வருவோம். 2016-ம் ஆண்டு நவம்பரில் இந்திய, ஜப்பானிய சர்க்கார்கள் ஓர் உடன்பாடு செய்து கொண்டன. பத்து ஆண்டுகளில் 30,000 பேருக்கு ஜப்பானிய முறையில் உற்பத்திப் பயிற்சி தருவது, பொறியியற் கல்லூரிகளில் ஜப்பானியக் கம்பெனிகளின் பணத்தில் பாடங்கள் நடத்துவது என்பது திட்டம். 2017-ல் துவங்கிய முதல் நான்கு பயிற்சி நிலையங்களில் ஒன்று இங்கே யமஹா கம்பெனியின் பொறுப்பில் அமைந்தது.

பயிற்சியை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அன்று பட்டறை நாட்டிடம் இருந்தது. இன்று பள்ளிக்கூடமே கம்பெனியிடம் இருக்கிறது. ஒரே கம்பெனியின் வரிசைக்கென்று பழக்கப்பட்ட கை, அந்தக் கம்பெனி போய்விட்டால் என்ன செய்யும்? 2014-ல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது வீதிக்கு வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் இதற்குப் பதில் சொல்வார்கள்.

1961-ம் ஆண்டின் பயிலுநர் சட்டமோ, பயிலுநர் 'தொழிலாளி அல்ல' என்றே சொல்கிறது. இந்தச் சொல்லின் நிழலில் வேலை முழுசாகவும் கூலி அரைகுறையாகவும் ஆக்கப்படுவதை நம் வட்டாரத் தொழிலாளர் அறிவார்கள்.

ஜப்பானிய ஒழுங்கு, ஜப்பானிய நேரந்தவறாமை என்று பாடம் சொல்கிறார்கள். நல்லது. அதே ஜப்பானில் 1955 முதல் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் தொழிற்சங்கங்கள் ஒன்று திரண்டு கூலி உயர்வு கேட்டு வருகின்றனவே, அந்தப் பாடம் எங்கே? 2018-ல் ஒரகடம் யமஹா தொழிலாளிகள் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் கொரியக் கம்பெனியான சாம்சங்கின் தொழிலாளிகள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வெளியே நின்றார்கள். யந்திரத்தை இறக்குமதி செய்கிறவர்கள் உரிமையை மட்டும் துறைமுகத்திலேயே விட்டு வருகிறார்கள்!

இந்த ஆலைகளும் நிலையங்களும் எழுந்தது வயலும் மேய்ச்சலுமாக இருந்த பூமியில். பட்டா வைத்திருந்தவர் நஷ்டஈடு பெற்றார். அந்த வயலில் நாற்று நட்ட விவசாயத் தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? அவர் பிள்ளைக்கு ஒரு படிப்பாவது கிடைக்க வேண்டாமா?

ஆகவே நாம் கோருகிறோம்: வெளிநாட்டு உதவியும் யந்திரங்களும் முதலில் அரசு ஐ.டி.ஐ.களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் வரட்டும். பயிற்சிச் சான்றிதழ் எல்லா ஆலைகளிலும் செல்லட்டும். நிலம் போன கிராமங்களின் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கப்படட்டும். உற்பத்தி வரிசையில் முழு வேலை செய்பவருக்கு முழுக் கூலி கொடுக்கப்படட்டும். தொழிற்சட்டமும் சங்க உரிமையும் பாடமாகட்டும். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு தமிழிலும் நடக்கட்டும்.

தோழர்களே! இவை தாமாக வந்து சேரா. ஆலை வாயிலில் சங்கமும், கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒன்றுகூடி இக்கோரிக்கைகளை ஊர்தோறும் கொண்டு செல்ல வேண்டும். நாடுகள் கைகுலுக்கட்டும், அந்தக் கைகளில் ஒன்று உழைப்பாளியின் கையாக இருக்கட்டும்!