மலையின் மறுபக்கம்



ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் விளிம்பில், சவுத் யூயிஸ்ட் என்றொரு தீவு உண்டு. சமயப் பிளவின் காலத்திற்குப் பின்னரும், மக்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்க விசுவாசத்தைக் கைவிடாது காத்துவந்த தீவு அது. அங்குள்ள ரூவால் குன்றின் சரிவில், குழந்தை இயேசுவை ஏந்திய தேவதாயின் கருங்கற்சிலை ஒன்று நிற்கின்றது. ஹியூ லாரிமர் என்னும் சிற்பி வடித்த அச்சிலை 1957-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் உயரம் ஏறத்தாழ 9 மீட்டர். மரங்கள் அரிதான அத்தீவில் கடற்காற்றுக்குத் தடையென்று ஏதுமில்லை.

அதே தீவின் மேற்குப் பகுதியில் ஆஸ்கர்வேன் என்னும் சிறு குன்று உளது. சுற்றுப்புறத்திற்கு மேல் 116 மீட்டரே உயர்ந்த இக்குன்றைக் காற்றாலைப் பொறியியல் கற்போர் அனைவரும் அறிவர். 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் பல நாட்டு அறிஞர்கள் அங்கே கூடி, குன்றின் மீதும் அடிவாரத்திலுமாக ஏறத்தாழ ஐம்பது கம்பங்களை நட்டு, காற்றின் வேகத்தை இடந்தோறும் அளந்தனர். சமவெளியில் வீசும் காற்று, குன்றின் உச்சியை அடையும்போது, நிலத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 80 விழுக்காடு விரைவு கூடுவதைக் கண்டனர்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். மாறாக, வேகத்தைக் கணித்ததில் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோனால், ஆற்றலில் 27 விழுக்காடு குறைந்துவிடும். கடன் வாங்கிக் காற்றாலை எழுப்பியவர்க்கு அப்பிழையே பெருஞ்சுமையாகும். ஆயின் மலைப்பாங்கான நிலத்தில் ஒவ்வோர் இடத்திலும் கம்பம் நட்டு ஆண்டுக்கணக்கில் அளப்பது இயலுமோ? ஓரிரு இடங்களில் அளந்து, ஏனைய இடங்களைக் கணக்கினால் அறியும் வழி தேவைப்பட்டது. அவ்வழிகளுள் ஒன்றே கணிப்பொறிப் பாய்ம இயக்கவியல் எனப்படுவது.

காற்றும் நீரும் ஓடும் முறையை விளக்கும் சமன்பாடுகளை நாவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1822-இலும், ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1845-இலும் வகுத்துத் தந்தனர். குன்றின் மேலுள்ள வான்வெளியைக் கணிப்பொறி பல இலட்சம் சிறு அறைகளாகப் பகுத்துக்கொள்கிறது. ஓர் அறையினுள் புகும் காற்று மறுபுறம் வெளியேறியாக வேண்டும். அழுத்தமும் உராய்வும் அதன் வேகத்தை மாற்றும். இக்கணக்கை அறைதோறும் திரும்பத் திரும்பச் செய்து, எல்லா அறைகளும் தம்முள் பொருந்தும் வரை ஓயாது உழைக்கிறது. நிலம் புல்வெளியா, காடா என்பதையும் முன்னரே சொல்லியாக வேண்டும். எனினும் காற்றின் சிறு சிறு சுழல்களை எல்லாம் தனித்தனியே கணக்கிட இயலாமையால், அவற்றின் விளைவை ஒருவாறு மதிப்பிட்டே சேர்க்கின்றனர். பிழை நுழையும் வாயில்களுள் அதுவும் ஒன்று.

இக்கணிப்புகளை ஆஸ்கர்வேன் அளவுகளோடு ஒப்பிட்டபோது தெரியவந்த உண்மை யாது? காற்று வந்து மோதும் முகப்பிலும் உச்சியிலும் கணக்கும் அளவும் நன்கு ஒத்தன. ஆனால் குன்றின் மறுபக்கத்தில், காற்று நிலத்தை விட்டு விலகித் தடுமாறிச் சுழலும் இடத்தில், கணக்கு பெரிதும் பிழைத்தது. பின்னர், டென்மார்க்கு நாட்டில் 12 மீட்டர் உயரமே உள்ள போலுண்டு என்னும் மேட்டில் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் அளவெடுத்தோர், அவ்விடைகளை வெளியிடாது மறைத்துவைத்து, கணக்கிடுவோரை முதலில் தத்தம் முடிவைத் தரச் செய்தனர். விடையை அறிந்தபின் கணக்கைத் திருத்திக்கொள்ளும் ஆசை எவர்க்கும் எழும் அன்றோ? அதனைத் தடுக்கும் நேர்மையான சோதனை அது.

சவுத் யூயிஸ்ட் மக்கள் 2006-ஆம் ஆண்டில் தங்கள் தீவின் பெரும்பகுதியை நிலவுடைமையாளரிடமிருந்து தாங்களே ஒன்றுகூடி விலைக்கு வாங்கினர். 2013-இல் லாக் கார்னன் என்னுமிடத்தில் தங்களுக்கென மூன்று காற்றாலைகளையும் நிறுவினர். பொதுப்பணமும் கடனும் காற்றை நம்பி நிற்கும்போது, கணக்குச் சரியா என்பது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. பல குடும்பங்களின் நல்வாழ்வைத் தொடும் வினா.

நமக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே விரைந்து வருவதனாலேயே முப்பந்தலில் காற்றாலைகள் அணிவகுத்து நிற்கின்றன. 1752-இல் மறைசாட்சி தேவசகாயம் உயிர் ஈந்த இடம் அவ்வூர்க் காற்றாடிமலையே. 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, நம் நாட்டின் அம்மலைப் பெயரும் உலகெங்கும் ஒலித்தது. கணிப்பொறி வருமுன்னரே, அங்கு வாழ்ந்த மக்கள் மலைக்குக் காற்றைக்கொண்டு பெயரிட்டிருந்தனர்.

காற்றின் போக்கை உவமையாக்கி ஆண்டவர் நிக்கொதேமுவிடம் பேசியதை நாம் அறிவோம். அது அறிவைத் தேட வேண்டாமென்னும் தடையன்று. தேடுபவன் பணிவோடு தேடவேண்டும் என்னும் நினைவூட்டல். நல்ல பொறியாளன் தன் கணக்கை நம்புகிறான். ஆயினும் ஒரு கம்பத்தையாவது நட்டு, மலையிடமே கேட்டுத் தெளிகிறான்.

நாமும் நாள்தோறும் மனிதரைக் கணக்கிடுகிறோம். வீட்டிற்கு வந்த மருமகள், கோயிலுக்கு வராத அண்டை வீட்டார், படிப்பில் பின்தங்கிய மகன் என எல்லோரையும் அவரவர் முகப்பைக் கண்டே எடைபோடுகிறோம். மறுபக்கத்தில் சுழலும் காற்றை அறியோம். நம் கணக்கு மிகுதியாகப் பிழைப்பது அங்கேதான். ஆகவே, இம்மாதம் எவரையேனும் தீர்ப்பிடுமுன், ஒருமுறை அவர் அருகே சென்று அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்போமாக.