கடலும் பொழுதுபோக்கும்

 

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலைப் பகுதி இன்று நம் இல்லங்கள் பலவற்றில் அடுப்பெரிய வழி செய்கின்றது. 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை எழுந்தது. வெளியூர்களிலிருந்து வந்த நம் பிள்ளைகள் அறையெடுத்துத் தங்கி, ஷிப்டு மாறி மாறி உழைக்கின்றனர். விடுமுறை நாளில் அவர்களுள் சிலர் வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கோவளம் சென்று, மீனவரின் பைபர் படகை வாடகைக்குப் பேசி, தூண்டிலிடக் கடலுக்குள் செல்கின்றனர். "இது கூடுமா? மகனைத் தடுக்கலாமா?" என்று தாய்மார்கள் வினவுகின்றனர்.

முதலில் சட்டத்தைக் கூறிவிடுவோம். கடல் வேட்டை ஆகுமானது. அருள்மறையின் ஐந்தாம் அத்தியாயம் அதனை ஹலாலாக்கியிருக்கின்றது. ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபினரும் மீனை உண்பதில் ஒன்றுபட்டே நிற்கின்றனர். பிடித்ததை உண்பதும், அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் நன்மையே. ஆனால் உண்ணும் எண்ணமின்றி, உயிர் துடிப்பதைக் கண்டு களிப்பதற்காகவே வேட்டையாடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வெறுத்துள்ளார்கள். ஆகவே நிய்யத்தைச் சீர்செய்து கொள்வது முதற்கடமை.

எனினும், தாயின் அச்சம் மீனைப் பற்றியதன்று. மகனின் உயிரைப் பற்றியது. அந்த அச்சத்திற்கு மார்க்கத்தில் இடமுண்டு. கடல் கொந்தளிக்கும்போது அதில் பயணம் செய்பவன் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து நீங்கியவன் என்னும் கருத்துள்ள நபிமொழியை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் 'அல் அதபுல் முஃப்ரத்' நூலில் பதிவு செய்துள்ளார்கள். கடற்பயணம் தடுக்கப்படவில்லை, காலமறியாப் பயணமே கண்டிக்கப்பட்டது.

மாசி, பங்குனி மாதங்கள் இவ்வகையில் ஏமாற்றும் மாதங்கள். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பர்; அதிகாலைப் பனிமூட்டத்தில் கரையும் தெரியாது, எதிரே வரும் படகும் தெரியாது. வாடை ஓய்ந்து தென்காற்று இன்னும் நிலைகொள்ளாத இடைக்காலம் அது. காலையில் கண்ணாடியெனக் கிடந்த நீர், நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்ததும் குமுறத் தொடங்கும். சிறு படகிற்குப் பேராபத்து ஆழ்கடலில் மட்டுமன்று. கரையை அடுத்து அலை உடையும் இடத்திலும் உண்டு. அங்கே படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பினால் நொடியில் கவிழும். கோவளமோ அலைச்சறுக்கு விளையாட்டிற்கே பெயர்பெற்ற கரை!

காற்றே இல்லாத நாளிலும் ஆபத்து வருவதுண்டு. எங்கோ தென்பெருங்கடலில் எழுந்த புயலின் அலை, நாட்கள் கடந்து நம் கரையில் வந்து மோதும். இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டுசென்றது. எச்சரிக்கை முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்றோரின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களும் மாலையில் வீடு திரும்பும் எண்ணத்துடனேயே புறப்பட்டவர்கள்.

இங்கே வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. கடற்படை நடத்த முஆவியா (ரலி) அவர்கள் அனுமதி கோரியபோது, மக்களின் உயிருக்கஞ்சி கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் அனுமதித்தபோதும் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: எவரையும் வற்புறுத்தக் கூடாது, தாமே விரும்பி வருவோரையே அழைத்துச் செல்ல வேண்டும். ஹிஜ்ரி 28இல் சைப்ரஸ் நோக்கிக் கப்பல்கள் புறப்பட்டது அதன் பின்னரே.

அந்த நிபந்தனையை நம் இளைஞர்கள் சிந்திக்க வேண்டும். "பயமா?" என்று கேலி செய்து நண்பனைப் படகில் ஏற்றுவதும் வற்புறுத்தலே. அதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. கடலின் முகம் பார்த்து, "இன்று வேண்டாம்" என்று வலையை மடித்து வைக்கும் மீனவரிடம், கூடுதலாகச் சில நூறு ரூபாயை நீட்டுகின்றோம். வறுமை அவரைச் சம்மதிக்கச் செய்கின்றது. அவருக்கும் மனைவி மக்கள் உண்டு. நம் ஒருநாள் களிப்பிற்காக அவருடைய அனுபவத்தை விலைக்கு வாங்கி, அவர் உயிரையும் பணயம் வைக்கின்றோம். பணம் கொடுத்ததால் அது நியாயமாகிவிடாது. அவர் தயங்கினால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுவதே முஸ்லிமின் பண்பு.

ஆகவே தாய்மார்களே, முற்றாகத் தடுக்காதீர்கள்; நிபந்தனையோடு அனுமதியுங்கள். இரவு ஷிப்டு முடித்த கண்ணோடு கடலுக்குச் செல்ல வேண்டாம். சுப்ஹுத் தொழுகையை நிறைவேற்றிவிட்டுப் புறப்படட்டும். வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அலை அறிவிப்பையும் முதல்நாளே கைப்பேசியில் பார்க்கட்டும். ஒவ்வொருவரும் உயிர்காப்பு மேலங்கி அணியட்டும். படகு தாங்கும் அளவிற்கு மேல் ஒருவரும் ஏற வேண்டாம். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்லட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டப் பணித்த மார்க்கம் நம்முடையது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழ்ந்த நம் முன்னோர் கடலோடிகள். சாதகமான காற்று வரும்வரை துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருப்பது பாய்மரக்காலத்துக் கடலோடிகளின் வழக்கம். அவர்களைக் கோழைகள் என்று எவரும் கூறியதில்லை. கடலை அறிந்தவனுக்கே கரையில் நிற்கத் தெரியும். அடுத்த வாரமும் மீன் இருக்கும். மகன் இருக்க வேண்டும்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளை நிலத்திலும் நீரிலும் காத்தருள்வானாக! ஆமீன்.