மர்மக் காய்ச்சலுக்கு ஒரு பெயர் வேண்டும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும் தமிழ்ச் செய்தித்தாள்களில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடுகிறது: ‘மர்மக் காய்ச்சலுக்குச் சிறுமி பலி’. ஊர் மாறும், வயது மாறும். ‘மர்மம்’ மட்டும் அப்படியே இருக்கும். சுகாதாரப் பணியாளர்கள் புகை மருந்து அடித்தார்கள், வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தார்கள், நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள் என்று செய்தி முடியும். அந்தக் குழந்தையின் ரத்தத்தில் இருந்த வைரஸ் எது என்பது அதில் இருக்காது.

அதைச் சொல்லக்கூடிய கருவிகள் தமிழ்நாட்டிடம் இருக்கின்றன. கரோனா காலத்தில் பெட்டிக்கடைப் பேச்சு வரைக்கும் புழங்கிய ‘ஆர்டி-பிசிஆர்’ சோதனை அவற்றில் ஒன்று. ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை அப்போது இந்த மாநிலம் சோதித்தது. 2021 செப்டம்பரில் சென்னையில் மாநில அரசே ஒரு முழு மரபணுப் பகுப்பாய்வு ஆய்வகத்தைத் திறந்தது. பெருந்தொற்றுக்காகக் கட்டிய இந்த வசதியைக் கொசுக் காய்ச்சல்கள் பக்கம் திருப்பி, வாரம் தவறாமல் எல்லா மாவட்டங்களிலும் பயன்படுத்த வேண்டும். முடிவுகளை மக்கள் அறிய வெளியிடவும் வேண்டும்.

இன்று டெங்கு சந்தேகத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போகிறவருக்குப் பொதுவாக எலிசா சோதனை செய்கிறார்கள். காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாட்களுக்குள் என்றால் என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தைத் தேடுவார்கள். அதற்குப் பிறகு என்றால் உடல் உருவாக்கிய ஐஜிஎம் எதிர்ப்பணுவைத் தேடுவார்கள். எத்தனையோ உயிர்களைக் காத்த சோதனைகள் இவை. ஆனால் என்எஸ்1 ‘இது டெங்கு’ என்று சொல்வதோடு நின்றுவிடும். டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் எது என்று சொல்லாது. ஐஜிஎம்மில் வேறொரு தொல்லை. டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்று வைரஸ்களும் ஒரே குடும்பத்தவை என்பதால், ஒன்றுக்காக உருவான எதிர்ப்பணு இன்னொன்றின் சோதனையிலும் ‘உண்டு’ என்று காட்டிவிடலாம்.

ஆர்டி-பிசிஆர் என்ற மரபணுச் சோதனையோ வைரஸையே நேரடியாகத் தேடுகிறது. டெங்கு வைரஸின் மரபணுத் தொகுதி சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ இழை. அதை முதலில் டிஎன்ஏவாக மாற்றுவார்கள். பிறகு, குறிப்பிட்ட வைரஸுக்கு மட்டுமே உரிய ஒரு சிறு பகுதியைப் படியெடுப்பார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்றுகளில் நூறு கோடியைத் தாண்டும். தேடிய பகுதி ரத்தத்தில் இல்லையென்றால் எதுவும் பெருகாது. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் ஒரே குழாயில் தேடும் சோதனைகள் 2016 முதலே இருக்கின்றன. வைரஸின் ஆர்என்ஏ இழையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பது மரபணு வரிசைப்படுத்தல். வைரஸ் எந்தக் கிளையைச் சேர்ந்தது, எங்கிருந்து வந்திருக்கலாம், வழியில் என்ன மாறியது என்பதை அது காட்டும்.

வகை தெரிந்தால் என்ன பயன்? டெங்குவின் ஒரு வகை வந்துபோனவருக்கு அந்த வகை மறுபடி வருவதில்லை. மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடுகிறது. இரண்டாம் முறை வேறொரு வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்பணுக்களே புதிய வைரஸ் செல்லுக்குள் புக வழிவிட்டு நோயைக் கடுமையாக்கக் கூடும். 1960களில் பாங்காக்கில் குழந்தைகளிடம் இரண்டாம் தொற்றில் நோய் கடுமையாவதை ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட் கண்டார். ஆகவே, ஓர் ஊரில் பல ஆண்டுகளாக ஒரு வகை புழங்கிவந்த நிலையில் திடீரென்று மற்றொரு வகை தலைகாட்டினால், அது ஆபத்தின் அறிகுறி.

இலங்கை இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2016-ல் அங்கே டெங்கு சந்தேக நோயாளிகள் சுமார் 55 ஆயிரம் பேர். 2017-ல் அந்த எண்ணிக்கை 1,86,101 ஆனது. 440 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகளாக அரிதாகவே தென்பட்ட இரண்டாம் வகை டெங்கு வைரஸ் அப்போது மேலோங்கியிருந்தது. பின்னர் இந்தக் கொள்ளைநோயை ஆராய்ந்தவர்கள் எழுதிய ஒரு முடிவை ஒவ்வொரு சுகாதார அதிகாரியும் கவனிக்க வேண்டும்: கொசுக்களின் பெருக்கத்தில் தெரிந்த மாற்றத்தை வைத்து இந்த வெடிப்பை முன்கூட்டிச் சொல்ல முடிந்திருக்காது. கொசுப்புழுவை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் கண்ணில் படாத மாற்றம் வைரஸுக்குள் நடந்திருந்தது.

சிக்குன்குனியா சொல்லும் கதை இன்னும் நுட்பமானது. இந்தியாவில் 1963-ல் கொல்கத்தாவிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் வேலூரிலும் அது பரவியது. 1973-க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய அளவில் தென்படவில்லை. 2005-ன் இறுதியில் திரும்பி வந்தபோது ஊர் ஊராக ஆட்கள் மூட்டு வலியில் முடங்கினார்கள்; 2006-ல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் சந்தேக நோயாளிகள் பதிவானார்கள். ‘பழைய நோய் திரும்பிவிட்டது’ என்றுதான் முதலில் தோன்றியது. மரபணுவை வாசித்தபோது வேறு உண்மை தெரிந்தது. 1960களில் வந்தது ஆசியக் கிளை. இப்போது வந்திருந்தது ஆப்பிரிக்கக் கிளை.

அதே காலத்தில் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரை இந்த வைரஸ் தாக்கியது. அங்கே எடுத்த வைரஸ்களில் ஒரு புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் இருந்த இடத்தில் வேலின் வந்திருந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. அந்த மாற்றம் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்ற புலிக்கொசுவின் உடலில் வைரஸ் எளிதாகப் பெருக வழிசெய்தது. 2007-ல் கேரளத்திலும் இதே மாற்றம் காணப்பட்டது. இந்த வைரஸை வழக்கமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு வீட்டுக்குள் தண்ணீர்த் தொட்டியையும் குடத்தையும் நாடும். புலிக்கொசு தோட்டங்களை நாடும். ரப்பர் பால் வடியும் சிரட்டையில் தேங்கிய மழைநீர் அதற்குப் போதும். எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, வீட்டுக் கொல்லையோடு நிற்காமல் ரப்பர் தோட்டத்துக்கும் போக வேண்டும் என்பது தெரியும்.

ஜிகாவின் வரலாறோ, தவறான பெயரில் நோய் எப்படி ஒளிந்துகொள்ளும் என்பதற்குப் பாடம். 2007-ல் பசிபிக் பெருங்கடலின் யாப் தீவில் பலருக்குத் தடிப்பு, மூட்டு வலி, கண் சிவப்போடு காய்ச்சல் வந்தது. உள்ளூர்ச் சோதனைகள் சிலருக்கு டெங்கு என்றன. மருத்துவர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. ரத்த மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மரபணுச் சோதனையில் ஜிகா என்று தெரிந்தது. மூன்று வயதுக்கு மேற்பட்ட தீவுவாசிகளில் நான்கில் மூன்று பங்கினரை அது தொற்றியிருந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள். எட்டு ஆண்டுகள் கழித்துப் பிரேசிலில் சிறுத்த தலையோடு குழந்தைகள் பிறந்தபோதுதான் உலகம் அந்தப் பெயரைக் கவனித்தது.

அது தொலைதூரச் செய்தி என்று இருந்துவிட முடியாது. 2017 ஜூலையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிகா உறுதியானது. 2021 ஜூலையில் குமரி மாவட்டத்தை ஒட்டியுள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு உறுதியானது. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தின் சோதனைக்குப் பிறகு மேலும் பலர் தெரியவந்தார்கள். தேடிய இடங்களில் கிடைத்திருக்கிறது. தேடாத ஊர்களைப் பற்றி ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கோரிக்கைக்கு மருத்துவர்களிடமிருந்தே ஓர் எதிர்வாதம் வரும். எந்த வகை டெங்கு என்றாலும் சிகிச்சை ஒன்றுதான்: பாராசிட்டமால், போதிய நீர், காய்ச்சல் இறங்கும் நாட்களில் கூடுதல் கவனம். வைரஸைக் கொல்லும் மருந்து ஏதும் இல்லாதபோது செலவு எதற்கு என்று கேட்பார்கள். படுக்கையில் இருக்கும் தனி நோயாளியைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி பெரும்பாலும் நியாயமானதே. ஆனால் டெங்கு இல்லையென்று உறுதியாகும் வரை சிக்குன்குனியாவின் மூட்டு வலிக்கு இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோடு வரும் கர்ப்பிணிக்கு வந்தது டெங்குவா, ஜிகாவா என்பது அவருடைய குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி. தடுப்பூசி என்ற காரணமும் இருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இதுவரை உலகில் வந்த டெங்கு தடுப்பூசிகள் நான்கு வகைகளுக்கும் ஒரே அளவில் வேலை செய்யவில்லை. நம் மாவட்டங்களில் எந்த வகை புழங்குகிறது என்று தெரியாமல் எந்தத் தடுப்பூசியை எங்கே போடுவது?

வைரஸின் வகையைக் கண்டறிவது தமிழ் மண்ணுக்குப் புதிய வேலையும் அல்ல. வேலூரில் 1968-ல் டெங்கு பரவியபோது அங்கிருந்த ஆய்வாளர்கள் நோயாளிகளிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் நான்கு வகைகளையும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பிசிஆர் பிறக்காத காலம் அது. வைரஸைக் கண்டறிய எலிக்குட்டிகளில் செலுத்திப் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். இன்று சில மணி நேரம் போதும். மத்திய அரசின் டெங்கு புள்ளிவிவர அட்டவணையில் மாநிலவாரியாக நோயாளிகள், இறப்புகள் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. எந்த வகை என்பதற்கு ஒரு பத்தி இல்லை. சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியமோ எந்த வகை மேலோங்குகிறது என்பதை மக்களுக்கே அறிவிக்கிறது.

எல்லாக் காய்ச்சலுக்கும் மரபணுச் சோதனை தேவையில்லை. மாவட்டத்துக்கு வாரம் இருபது மாதிரிகள் என்றால் 38 மாவட்டங்களுக்கும் 760; கரோனா காலத்தின் ஒரு நாள் கணக்கில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. காய்ச்சல் தொடங்கி ஐந்து நாட்களுக்குள் எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். குளிர் குறையாமல் ஆய்வகம் சேர வேண்டும். மாதிரி அனுப்பிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முடிவு திரும்பி வர வேண்டும். டெங்கு இல்லை, சிக்குன்குனியா இல்லை, ஜிகா இல்லை என்று வந்தால் உண்ணிக் காய்ச்சலையும் எலிக் காய்ச்சலையும் தேடும் வேலை உடனே தொடங்கும். இதற்காகப் புதிதாக யாருக்கும் ஊசி குத்தக்கூட வேண்டியதில்லை. என்எஸ்1 சோதனைக்கென்று எடுத்த ரத்தத்தில் மிஞ்சும் சில துளிச் சீரம் போதும். அதைக் கழிவுப் பெட்டியில் போடாமல் குளிர்பெட்டியில் வைத்து அனுப்ப ஓர் அரசாணை வேண்டும். வரும் ஐப்பசிக்குள் அது வர வேண்டும்.