அது நாடகமல்ல

மாதவிலக்கைப் பற்றி 66 வயதுக்காரர் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். என் வீட்டில் நடந்ததைக் கேட்டால் பொறுத்துக்கொள்வீர்கள். மகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

என் இளைய மகளுக்கு மனச்சோர்வு நோய் உண்டு. மருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலைக்கும் போய் வந்தாள். ஆனாலும் மாதத்தில் சில நாட்கள் அறையைச் சாத்திக்கொண்டு அழுவாள். வாழவே பிடிக்கவில்லை என்பாள். "மாசா மாசம் இதே நாடகமா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். டாக்டரிடம் போகும் நாளிலோ தெளிவாக இருப்பாள்.

ரயில்வே சிக்னல் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். விட்டு விட்டு வரும் பழுதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. நாம் போய்ப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். பதிவேட்டில் தேதிகளை வரிசையாகப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும். இந்தப் பாடம் வீட்டில் எனக்கு மறந்துபோயிற்று. என் மனைவிதான் பால் கணக்கு எழுதும் காலண்டரில் புள்ளி வைத்து, மூன்று மாதம் கழித்துக் காட்டினாள். ஒவ்வொரு முறையும் மாதவிலக்குக்கு முந்தைய வாரம்!

டாக்டர் விளக்கினார். கருமுட்டை வெளியான பின் கூடும் ஹார்மோன்கள், மாதவிலக்கு நெருங்கும்போது குறைகின்றன. அளவு சரியாகவே இருந்தாலும், அந்த ஏற்ற இறக்கம் சிலரது மூளையைப் பாதிக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அந்நாட்களில் அது கடுமையாகலாம். மற்ற நாட்களில் எந்தத் தொல்லையும் இல்லையென்றால் அது வேறு நோய். அதற்கும் சிகிச்சை உண்டு. இரண்டையும் பிரித்தறிய, குறைந்தது இரண்டு மாதம் தினமும் குறித்து வர வேண்டும்.

2025 அக்டோபரில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் மாதவிலக்கு விடுப்பு அளிக்கும் கொள்கைக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வரவேற்போம். ஆனால் இவர்களின் கஷ்டம் ஒரு நாளோடு முடிவதில்லை. மீதி நாட்களுக்கு வீட்டார்தான் துணை.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு, மனம் விட்டுப் பேச அத்தையோ சித்தியோ பக்கத்தில் இல்லை. வரன் தட்டிப்போகும் என்று பயந்து மூடி மறைக்கிறோம். மனநல மருத்துவத்துக்குப் பேர்போன நிம்ஹான்ஸ் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. 14416 என்ற இலவசத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம். மருந்தை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் காலண்டரைப் பார்த்துக் காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

இப்போது மகளே தேதி குறிக்கிறாள். அதைப் பார்த்து டாக்டர் சிகிச்சையை மாற்றினார்; ஓரளவு தேறியிருக்கிறாள். நான் கத்திய அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பப் பெற முடியவில்லை.