ரத்தம் உறைவதும் கசிவதும் ஒரே நேரத்தில் எப்படி?

மருத்துவர் பதில்கள்

“கடலை பறித்துவிட்டு வந்த பத்து நாளில் என் கணவருக்குக் காய்ச்சல் கண்டது. எட்டு நாள் உள்ளூரிலேயே ஊசி போட்டோம். மூச்சு வாங்கி, சிறுநீர் நின்றதும் சென்னை அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ‘ஸ்க்ரப் டைபஸ், செப்டிக் ஷாக், உள்ளே ரத்தம் உறைகிறது’ என்றார்கள். ஆனால், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. 3 முறை டயாலிசிஸ் செய்து பிழைத்தார். உறைகிற ரத்தம் ஏன் கசிய வேண்டும்? சிறுநீரகம் தேறுமா? மகனுக்கும் தொற்றுமா?”
- வாசகி, செய்யூர் வட்டம்.

“வாய்க்கால் உடைப்பை அடைக்க நீங்கள் மணல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். யாரோ அவற்றை எல்லா வாய்க்கால்களிலும் போட்டு அடைத்துவிட்டால், பயிருக்கு நீர் போகாது; நிஜமாகவே கரை உடையும்போது மூட்டையும் இருக்காது. உங்கள் கணவருக்கு நடந்தது இதுதான், சகோதரி. கடுமையான தொற்றில் ரத்தக்குழாயின் உட்சுவர் சேதமாகி, நுண்குழாய்களில் சிறு சிறு கட்டிகள் உறைகின்றன. தட்டணுக்களும் உறையவைக்கும் புரதங்களும் அங்கேயே செலவாகிவிடுவதால் மற்ற இடங்களில் கசிகிறது. கூடவே ரத்த அழுத்தமும் சரிவதால் சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல் ஆகியவை ரத்தம் கிடைக்காமல் செயலிழக்கின்றன.

இந்தத் தொற்றைக் கொண்டுவருவது, புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு. கடித்து 6 முதல் 21 நாள்களுக்குள் காய்ச்சல் வரும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கலாம்; எல்லோருக்கும் இருக்காது. சென்னை நகரவாசிகளுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் அதிகம்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரையே போதும். பெரும்பாலும் 2 நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் தருவோம். முற்றிய நிலையில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்தினால், ஒரே மருந்து கொடுப்பதைவிடச் சிக்கல்கள் குறைகின்றன என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது.

மகனுக்கு அப்பாவிடமிருந்து தொற்றாது. ஆனால், அதே கொல்லையில் அவருக்கும் கடி படலாம். முழுக்கை சட்டை அணியட்டும். புல்தரையில் வெறுமனே படுக்க வேண்டாம். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, துணியை உடனே துவைக்க வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். கணவருக்கும் இதே கவனம் தேவை.

இப்படிப் பழுதான சிறுநீரகம் பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தேறிவிடும். கிரியேட்டினின், ரத்த அழுத்தம் இரண்டையும் மருத்துவர் சொல்லும் நாளில் பாருங்கள். மூட்டுவலி, உடம்புவலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ‘வயலில் வேலை செய்தேன்’ என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். மூச்சு வாங்குதல், பிதற்றல், சிறுநீர் குறைதல், கை கால் சில்லிடல், ஈறில் ரத்தம் - இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும், அதுவரை போட்ட மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.”